கிரேக்கப் புராணக் கதைகள்: வாயால் சொல்கிறார்கள், எழுதச் சொன்னால் மூன்று வரி. என்ன செய்யலாம்?

இயர்த்ரீ_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஓரத்தில் ஒரு பிரைமரி பள்ளியில் இயர் த்ரீ எடுக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள், மொத்தம் 29 பேர். வீட்டில் தமிழ், குஜராத்தி, போலிஷ், ருமேனியன், சோமாலி பேசுகிறவர்கள்தான் பாதிக்கு மேல். இங்கே பள்ளிகளில் வேலை செய்யும் தமிழர்கள் நிறையப் பேர் இந்தக் குழுவில் இருப்பதால் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன்.

இந்த ஹாஃப் டேர்ம் வரலாற்றுப் பாடத்தில் பழைய கிரீஸ். அதோடு சேர்த்து இங்கிலீஷ் பாடத்துக்கும் கிரேக்கப் புராணக் கதைகளை எடுத்திருக்கிறோம். எனக்குக் கொடுத்த திட்டம் ஆறு வாரம், ஆறு கதை: பண்டோரா, மைடாஸ், தீசியஸ், பெர்செஃபனி, இக்காரஸ், அரக்னி. திங்கட்கிழமை படிக்க வேண்டும், செவ்வாய் புதன் கேள்வி பதில், வியாழன் கதையைத் திட்டமிட வேண்டும், வெள்ளிக்கிழமை முழுக் கதையையும் பிள்ளைகள் சொந்த நடையில் எழுத வேண்டும். பண்டோராவும் மைடாஸும் முடிந்துவிட்டன, இரண்டு வெள்ளிக்கிழமையும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பண்டோரா மூடியைத் திறக்கும் இடத்தில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை எடுக்காமல் கேட்டான். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு வேறு வகுப்புப் பிள்ளைக்கு அதே கதையைக் குரல் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து நோய்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்த மாதிரி சத்தம்கூடப் போட்டான், அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அதே பையன் வெள்ளிக்கிழமை 45 நிமிடத்தில் எழுதியது இவ்வளவுதான்: ‘ஒரு பெண் இருந்தாள். அப்புறம் பெட்டியைத் திறந்தாள். அப்புறம் கெட்டதெல்லாம் வந்தது. முடிந்தது.’

அவன் மட்டுமல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் இப்படித்தான். நன்றாக எழுதுகிற பிள்ளைகளும் ‘அப்புறம், அப்புறம்’ என்று ஒன்றரைப் பக்கம் போகிறார்களே தவிர கதைக்குள் யாருமே இல்லை.

வாசிப்பிலும் சிக்கல். பெயர்கள் வந்தாலே நின்றுவிடுகிறார்கள். அடுத்த கதையை முன்கூட்டிப் புரட்டிய ஒரு பெண் பிள்ளை ‘பெர்செஃபனி’ என்ற பெயரை ‘பெர்ஸ்-ஃபோன்’ என்று வாசித்தாள். ஃபோனிக்ஸில் (எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கும் முறை) கற்றுக்கொடுத்த விதிப்படி அவள் செய்தது சரிதானே, அதனால் திருத்தவே கஷ்டமாக இருந்தது. இன்னொன்று, இந்தக் கதைகளில் கடத்தல், சாவு, பிள்ளையைப் பலி கொடுப்பது எல்லாம் இருக்கின்றன, எவ்வளவு சொல்வது? ஒரு அப்பா வாசலில் என்னிடம் வந்து ‘பல கடவுள் கதையை ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்’ என்று மரியாதையாகத்தான் கேட்டார், எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வேலையில் எனக்கு இது இரண்டாவது வருடம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், ஆறு கதையில் சிலவற்றை விட்டுவிடலாமா?


பழைய_வாத்தியார்:

விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள் டீச்சர், விட்டுவிடுங்கள். நான் 20 வருடத்துக்கு மேல் கிழக்கு லண்டனில் இயர் த்ரீ, இயர் ஃபோர் எடுத்தவன். ஆரம்பத்தில் நானும் வாரத்துக்கு ஒரு கதை ஓட்டியவன்தான், இரண்டு கதையோடு நிறுத்திக்கொண்ட வருடத்திலிருந்துதான் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். 2014 முதல் இருக்கும் தேசியப் பாடத்திட்டத்தில் மூன்றாம் நான்காம் வகுப்புக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். புராணக் கதைகளோடு பிள்ளைகளுக்குப் பழக்கம் ஏற்பட வேண்டும், அவற்றில் சிலவற்றை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆறு கதை என்றோ, ஒவ்வொன்றையும் முழுசாக எழுதச் சொல் என்றோ எங்கேயும் இல்லை.

உங்கள் பையனுக்குக் கதை வரும். அவனிடம் நீங்கள் கேட்டது தவறான வேலை, அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளையிடம் ‘முழுக் கதையையும் எழுது’ என்றால் அது ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிடும். முடிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் இருக்கும், அதனால் ‘அப்புறம்’ தவிர வேறு சொல் வராது. ஒரு நிமிடத்தை எழுதச் சொல்லுங்கள். மூடியில் கை வைத்ததிலிருந்து மூடி திறக்கும் வரை, அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

நான் தீசியஸ் கதையை மூன்று வாரம் செய்வேன். முதல் வாரம் பென்சிலைத் தொடவே விடமாட்டேன். திங்கட்கிழமை புத்தகம் இல்லாமல் நானே சொல்வேன். கிரீட் தீவின் அரசன் மினோஸ், ஏதென்ஸிலிருந்து ஏழு பையன்கள் ஏழு பெண்களை வாங்கி, மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாருக்கு இரையாகப் போடுவது, டீடலஸ் கட்டிய புதிர்ப்பாதை, தீசியஸ் தானாக முன்வந்து கப்பல் ஏறுவது, மினோஸின் மகள் அரியாட்னி கொடுத்த நூல் உருண்டை. சொல்லி முடித்து, வென்று வந்தால் கப்பலின் கறுப்புப் பாயை இறக்கி வெள்ளைப் பாய் ஏற்றுகிறேன் என்று அவன் அப்பாவிடம் சொன்னதை மட்டும் ஒருமுறை ஞாபகப்படுத்திவிட்டு நிறுத்திவிடுவேன். முடிவு நாளைக்கு.

புதன்கிழமை ஹாலில் சிவப்புக் கம்பளி நூலை நாற்காலி, பெஞ்சு, ஜிம் ஏணி எல்லாவற்றிலும் சுற்றிவிட்டு லைட்டை அணைத்துவிடுவோம். ஒவ்வொரு பிள்ளையாக நூலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். நடக்கும்போது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், டி.ஏ. (வகுப்பு உதவியாளர்) கூடவே போய் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொள்வார். ஒருமுறை ஒரு பிள்ளை ‘சுவர் ஈரமாக இருக்கிறது, அது மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது’ என்றாள். அதுவரை அவள் நோட்டில் நான் பார்த்த வாக்கியம் எதுவும் ஐந்து சொல்லைத் தாண்டியதில்லை. அந்தச் சீட்டை மறுநாள் அவள் கையில் கொடுத்து ‘இது நீ சொன்னது, இதிலிருந்து தொடங்கு’ என்றேன். தொடங்கினாள்.

இரண்டாம் வாரம் நடுவில் நாற்காலி போட்டு யாராவது ஒருவர் அரியாட்னியாக உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உன் அப்பாவை ஏமாற்ற உனக்குப் பயமாக இல்லையா, மினோட்டார் உனக்குத் தம்பி முறைதானே என்றெல்லாம் கேட்பார்கள், நாம் நினைத்துப் பார்க்காத கேள்வியெல்லாம் வரும். எழுதுவது அதற்குப் பிறகுதான், அதுவும் புதிர்ப்பாதைக்குள் இருக்கும் அந்த ஒரு நிமிடம். மூன்றாம் வாரம் பிள்ளைகளே ஒரு புதிய மிருகத்தையும் ஒரு புதிய இடத்தையும் வைத்து எழுதுவார்கள். பை கார்பெட் உருவாக்கிய ‘டாக் ஃபார் ரைட்டிங்’ முறையும் இதே வரிசைதான், முதலில் வாயில் நன்றாக ஏற்றிக்கொள், அப்புறம் ஒன்றிரண்டை மாற்று, கடைசியில் சொந்தமாக எழுது.

அந்த அப்பாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இது மதப் பாடம் இல்லை, 2,500 வருடத்துக்கு முன்னால் ஒரு ஊர் மக்கள் நம்பிய கதை, இங்கிலீஷில் உள்ள நிறையச் சொற்கள் இதிலிருந்து வந்தவை, நாங்கள் யாரையும் கும்பிடச் சொல்வதில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துப் பிள்ளையின் நோட்டையும் காட்டுங்கள். என்னிடம் கேட்ட பெற்றோர் எல்லோரும் நோட்டைப் பார்த்த பிறகு சமாதானமாகத்தான் போனார்கள்.


வாசிப்பு_உதவி:

அண்ணா சொன்னதில் பெரும்பாலானதுக்குச் சரி. ஆனால் முதல் வாரம் பென்சிலே வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் டி.ஏ.வாக வேலை செய்கிறேன், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது. எழுதப் பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு வாரம் எழுத்தே இல்லையென்றால் இரண்டாம் வாரம் பயம் இன்னும் ஏறித்தான் இருக்கும். முழு வாக்கியம் வேண்டாம், தினமும் ஒரு சொல், ஒரு பெயர், படத்துக்குக் கீழே ஒரு வரி, அவ்வளவாவது கை பழக வேண்டும். சின்ன ஒய்ட்போர்டில் எழுதி உடனே அழித்துவிடலாம் என்றால் அந்தப் பிள்ளைகள் தைரியமாக எழுதுவார்கள், நோட்டு என்றால்தான் நடுக்கம்.

டீச்சர், ‘பெர்ஸ்-ஃபோன்’ என்று வாசித்த பிள்ளையைப் பாராட்டிவிட்டுத் தொடங்குங்கள். பி, ஹெச் சேர்ந்தால் ‘ஃப்’ என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே! மீதியைக் கைதட்டிச் சொல்லிக் கொடுங்கள்: பெர், செ, ஃப, னி, நாலு தட்டு. கடைசி ஈ-யை இங்கே விழுங்கக்கூடாது, கிரேக்கப் பெயர்களில் அது ‘ஈ’ என்று ஒலிக்கும் என்று சொன்னால் அரியாட்னி, அரக்னி, பெனலபி எல்லாம் ஒரே விதியில் வந்துவிடும். நான் பெயர் அட்டைகளைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன், வெளியே போக வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வாரத்தில் பெயர் பயம் போய்விடும்.

பெயர் பயம் போக இன்னொரு வழி, கதையைக் கேட்ட பிறகு வாசிக்கக் கொடுப்பது. காதில் விழாத பெயரைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொல்வது அநியாயம். வீட்டில் வேறு மொழி கதைக்கும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. தயவுசெய்து அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு ஏதோ சின்னப் பிள்ளைக் கதையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள். அதே தீசியஸ், அதே மினோட்டார், வாக்கியம் மட்டும் சின்னது. மதியம் விளையாடும்போது எல்லோரும் மினோட்டார் என்று ஓடும்போது அவனும் ஓட வேண்டும்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாம் நான்காம் வகுப்பு எழுத்துக்கூட்டல் பட்டியலில் சி, ஹெச் சேர்ந்து ‘க்’ என்று ஒலிக்கும் கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன: எக்கோ, கோரஸ், கேரக்டர், கெமிஸ்ட், ஸ்கீம். ‘எக்கோ’ ஒரு பெண்ணின் பெயர், பேசத் தொடங்க முடியாமல் மற்றவர் சொன்னதன் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லும்படி ஹீரா என்ற பெண் தெய்வம் அவளைச் சபித்த கதை என்று சொல்லிவிட்டு அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். என்னோடு இருந்த பிள்ளைகளில் யாரும் அதற்குப் பிறகு ‘எக்கோ’வுக்குக் கே போட்டதில்லை. ‘மித்’ என்ற சொல்லில் நடுவில் வரும் ஒய்யும் அதே பட்டியலில்தான், ஜிம், ஈஜிப்ட், பிரமிட் கூட்டத்தோடு.


இயர்த்ரீ_டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. கம்பளி நூல் வாங்கியாகிவிட்டது. ஆண்டுத் தலைவரிடம் பேசினேன், தீசியஸுக்கு மூன்று வாரமும் பெர்செஃபனிக்கு ஒரு வாரமும் தருவதாகச் சொன்னார், மற்ற இரண்டையும் நாள் முடிவில் கதை நேரத்தில் சொன்னால் போதுமாம். அரியாட்னி நாற்காலியையும் ஒய்ட்போர்டையும் இரண்டையுமே செய்யப் போகிறேன்.

ஆனால் இருட்டான பகுதிகள் பற்றி யாரும் சொல்லவில்லையே? தீசியஸ் பாயை மாற்ற மறந்து, கறுப்புப் பாயைப் பார்த்த அப்பா ஈஜியஸ் கடலில் விழுந்து சாகிறார். போன வருடம் கேட்டபோது அந்த இடத்தைச் சொல்லாமல் ‘ஊர் திரும்பினான், எல்லோரும் மகிழ்ந்தார்கள்’ என்று முடிக்கச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் அண்மையில் தாத்தாவை இழந்த பிள்ளை ஒன்று இருக்கிறது.


ஹாரோ_அம்மா:

நான் டீச்சர் இல்லை, அம்மா. என் மகள் இப்போது இயர் ஃபைவ். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இதே பாடம் நடந்தது, அதனால் வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அவளுக்குப் பெர்செஃபனி கதையை ரொம்ப மென்மையாக்கிச் சொல்லியிருந்தார்கள். பூப்பறிக்கப் போன பெண் நிலத்துக்குக் கீழே ‘விருந்தாளியாக’ப் போனாள் என்று. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள், ‘விருந்துக்குப் போனால் அம்மா ஏன் அழுதாள், ஏன் பயிரெல்லாம் செத்துப்போச்சு?’ பதில் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். பெண்ணைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அம்மா ஊர் ஊராகத் தேடினாள் என்று. பயப்படவில்லை, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ‘அம்மா கண்டுபிடிச்சிட்டாளா’ என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு அவளாக உட்கார்ந்து, பெர்செஃபனியின் அம்மா டிமீட்டர் எழுதிய மாதிரி ஒரு ‘காணவில்லை’ அறிவிப்பு எழுதினாள். என் மகள், கடைசியாகக் கையில் பூவோடு பார்த்தேன், கண்டவர்கள் சொல்லுங்கள் என்று. அது இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வீட்டுப்பாடமாக யாரும் கொடுத்தது இல்லை.

அதனால் அம்மாவாக நான் கேட்டுக்கொள்வது, எல்லா விவரமும் வேண்டாம், ஆனால் நடந்ததை நடக்காதது மாதிரி மாற்றாதீர்கள். தாத்தாவை இழந்த பிள்ளையின் வீட்டில் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். மைடாஸுக்குக் கழுதைக் காது முளைத்த கதையை மகள் சொன்னபோது என் மாமியார் ஃபோனில் இருந்தார். ‘இது நம்ம ராஜா காது கழுதைக் காது கதையாச்சே’ என்று ஆரம்பித்துவிட்டார். நம் கதையில் நாவிதன் ரகசியத்தை மரத்திடம் சொல்வான், அந்த மரத்தில் செய்த மத்தளம் ஊரறியக் கொட்டும். கிரேக்கத்தில் குழி தோண்டி அதற்குள் சொல்கிறான், அங்கே முளைத்த நாணல் காற்றில் அதையே சொல்கிறது. மகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படமாக வரைந்து வகுப்புக்குக் கொண்டு போனாள். அதைப் பார்த்துவிட்டு அவளுடைய டீச்சர் மற்றப் பிள்ளைகளையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார், இரண்டு மூன்று மொழிகளிலிருந்து இதே காது கதை வந்து சேர்ந்ததாம். உங்கள் 29 பேர் வீட்டிலும் பாட்டி தாத்தாக்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.


மட்பாண்டம்:

பல்கலைக்கழகத்தில் கிரேக்க லத்தீன் படித்தவன், இப்போது அருங்காட்சியகங்களில் பள்ளிக் குழுக்களை அழைத்துப் போகும் வேலை. ஹாரோ அம்மா சொன்ன ‘காணவில்லை’ அறிவிப்பைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதைமாந்தர் வாயிலாகப் பேசி எழுதுவது பழைய கிரேக்க, ரோமானியப் பள்ளிகளிலேயே ஒரு பயிற்சி. ‘எதோபோயியா’ என்று அதற்குப் பெயர். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்ற ஆசிரியர் மாணவர்களுக்கு எழுதிக் காட்டிய மாதிரியே ‘பிள்ளைகளெல்லாம் இறந்து கிடக்கும்போது நயோபி என்ன சொல்லியிருப்பாள்’ என்பதுதான். அதற்கும் முன்னால், ரோமானியக் கவிஞர் ஓவிட், தீசியஸ் நாக்சோஸ் தீவில் விட்டுவிட்டுப் போன அரியாட்னி அவனுக்கு எழுதுவதாக ஒரு கடிதமே கவிதையாக எழுதியிருக்கிறார். காலையில் விழித்துப் பக்கத்தில் கையால் தடவிப் பார்க்கிறாள், ஆள் இல்லை. ஓவிட்டை வகுப்பில் படிக்க வேண்டாம், வேலை மட்டும் போதும்: அரியாட்னி, நீ எழுந்தாய், கப்பல் தூரத்தில் போகிறது, அவனுக்கு ஒரு கடிதம் எழுது.

அப்புறம், எது ‘சரியான’ கதை என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே ஒரு சரியான கதை இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். நிலத்துக்குக் கீழே பெர்செஃபனி தின்ற மாதுளை விதையை எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தின்றதால்தான் அவள் முழுசாகத் திரும்பி வர முடியவில்லை. டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கத் துதிப்பாடலில் ஒரே ஒரு விதை, வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்க வேண்டும். ஓவிட் ஒரு நூலில் ஏழு விதை என்கிறார், பாதி வருடம் கீழே. இன்று பிள்ளைகள் புத்தகங்களில் ஆறு விதை, ஆறு மாதம் என்று வரும். பண்டோராவின் பெட்டியும் அப்படித்தான், பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் எழுதியது ‘பித்தோஸ்’, எண்ணெயும் தானியமும் சேமிக்கும் பெரிய ஜாடி, நம் ஊர்க் குதிர் மாதிரி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதும்போது அது சின்னப் பெட்டியாகிவிட்டது. தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் தன் மகளையே தொட்டுப் பொன்னாக்கியது பழைய நூல்களில் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஹாத்தோர்ன் சேர்த்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஹாத்தோர்ன் மாற்றலாம் என்றால் நானும் மாற்றலாமா என்று கேட்பார்கள். எழுதப் பயப்படுகிற பிள்ளைக்கு அதுதான் பெரிய அனுமதி, தப்பாகிவிடும் என்ற பயம் அங்கேயே பாதி போய்விடும்.

லண்டன் பக்கம் என்றால் ஒருநாள் பிரிட்டிஷ் மியூசியம் கூட்டிப் போங்கள், நுழைவு இலவசம், பள்ளிக் குழு என்றால் முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். கி.மு. 440-430 அளவில் ஏதென்ஸில் செய்த ஒரு கிண்ணத்தின் நடுவட்டத்தில் தீசியஸ் மினோட்டாரைப் புதிர்ப்பாதையிலிருந்து வெளியே இழுத்துவருவான், சுற்றிலும் அவனுடைய மற்றச் சாகசங்கள். இன்னொரு ஜாடியில் பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸ், மேலேயிருந்து ஒரு சைரன் (பாடி மாலுமிகளை மயக்கும் பறவைப் பெண்) தலைகீழாகக் கடலில் விழுகிறாள், கப்பலின் முகப்பில் ஒரு பெரிய கண் வரைந்திருக்கும். நான் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து அந்தக் கண்ணைக் காட்டி ‘இந்தக் கப்பல் என்ன பார்க்கிறது’ என்று மட்டும் கேட்பேன். பத்து நிமிடம் பேச்சு நிற்காது. அந்தப் பேச்சைப் பேருந்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள், பள்ளிக்குத் திரும்பிய பிறகு என்றால் ஆறிவிடும்.


பழைய_வாத்தியார்:

வாசிப்பு உதவி தங்கை சொன்ன ஒய்ட்போர்டு யோசனையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ‘பென்சிலே வேண்டாம்’ என்று சொன்னது நோட்டை மனத்தில் வைத்துத்தான். அந்த மாதிரிப் பிள்ளைகளோடு தினமும் உட்கார்பவர் அவர், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஈஜியஸ் சாகும் இடத்தைச் சொல்லுங்கள் டீச்சர். அதனால்தான் அந்தக் கடலுக்கு ஈஜியன் என்று பெயர் வந்ததாகக் கதை சொல்கிறது, வரைபடத்தில் காட்டலாம். பையன் பாயை மாற்ற மறந்துபோனான் என்பதைவிடப் பெரிய பாடம் ஏழு வயதுக்கு என்ன இருக்கிறது, தினமும் ஸ்வெட்டரையும் தண்ணீர் பாட்டிலையும் மறக்கிற வயது. அவன் கெட்டவன் இல்லை, மறந்துவிட்டான், அதற்கு இவ்வளவு பெரிய விலை என்பதைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இன்னொன்று. இங்கிலீஷில் துப்பு என்பதற்கு ‘க்ளூ’ என்கிறோமே, அது முதலில் நூல் உருண்டையைக் குறித்த சொல். அரியாட்னி கதையால்தான் அதற்குத் துப்பு என்ற பொருள் வந்தது. நம் தமிழில் ‘நூல்’ என்றால் இழையும் உண்டு, புத்தகமும் உண்டு. வகுப்பில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளை எழுப்பி இதைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டு மொழி வகுப்பில் எல்லோருக்கும் உதவியதைப் பார்த்தால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.


இயர்த்ரீ_டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ரிப்போர்ட் எழுதும் நேரம்.

ஹாலில் நூல் கட்டினோம். இரண்டு இடத்தில் சிக்குப் போட்டுவிட்டது, அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே விட்டேன். சிக்கு இருந்த இடத்தில்தான் பிள்ளைகள் ரொம்ப நேரம் நின்றார்கள், நல்ல வாக்கியங்களும் அங்கேதான் வந்தன. ஒய்ட்போர்டில் தினமும் ஒரு வரி எழுதினோம். பெயர் அட்டைகள் கதவில் இருக்கின்றன, ‘பெர்ஸ்-ஃபோன்’ சொன்ன பிள்ளைதான் இப்போது மற்றவர்களுக்குத் தட்டிக் காட்டுகிறாள்.

ஈஜியஸ் சாவதைச் சொன்னேன். தாத்தாவை இழந்த பிள்ளையின் அம்மாவிடம் முன்னாலேயே பேசியிருந்தேன், டி.ஏ. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை அழவில்லை, கையைத் தூக்கி ‘தீசியஸுக்கு யார் சொன்னார்கள்’ என்று கேட்டது. எனக்கே தெரியவில்லை, உங்களில் யாருக்குத் தோன்றுகிறதோ எழுதுங்கள் என்றேன். ஏழு பேர் அதை எழுதினார்கள்.

அந்தப் பையன், மூன்று வரிப் பையன், மலை உச்சியில் காத்திருக்கும் அப்பாவை எழுதினான். முக்கால் பக்கம். ஒரு ‘அப்புறம்’ கூட இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு இருந்தது. நடுவில் இப்படி ஒரு இடம், தமிழில் சொல்கிறேன்: ‘முதலில் அது புள்ளி. பிறகு அது பறவை என்று நினைத்தேன். பறவை இல்லை. எந்த நிறம் என்று பார்க்க எனக்கு விருப்பமில்லை.’ மூன்று முறை படித்துவிட்டேன். அவன் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டான். வழக்கமாக நோட்டை வெளியே விடமாட்டோம், நகல் எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் கேட்ட அப்பாவும் வந்து நோட்டைப் பார்த்தார். தன் ஊரில் பாட்டி சொல்லும் கதை ஒன்றைச் சொல்ல வரட்டுமா என்று கேட்டிருக்கிறார், அடுத்த வியாழன் வருகிறார்.

எல்லாம் கைகூடவில்லை. நாலைந்து பேர் இன்னும் மூன்று வரியில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுத்துக்கூட்டலே பெரிய மலை. அவர்கள் சொல்லச் சொல்ல டி.ஏ. எழுதிக்கொடுத்து, அதைப் பார்த்து அவர்கள் கடைசி இரண்டு வரியை மட்டும் எழுதுகிறார்கள். இது சரியா, வேறு வழி இருக்கிறதா என்று வாசிப்பு உதவி அக்கா சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பெர்செஃபனி. மாதுளை வாங்கி உடைத்துக் காட்டி, ஒன்றா, ஆறா, ஏழா, எத்தனை விதை தின்றாள் என்று அவரவரே முடிவு செய்துகொண்டு எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.


வாசிப்பு_உதவி:

சரியான வழிதான். அடுத்த வாரம் கடைசி மூன்று வரி, அதற்கடுத்த வாரம் நாலு என்று மெதுவாக ஏற்றுங்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் அந்தப் பிள்ளையே சத்தமாக வாசிக்கட்டும். அவன் சொன்ன சொற்கள் என்பதால் தடங்கல் இல்லாமல் வாசிப்பான், வாசிப்புப் பயிற்சியும் அதிலேயே ஆகிவிடும்.

மாதுளைக்கு முன்னால் ஒவ்வாமைப் பட்டியலைப் பாருங்கள். அப்புறம் பெயின்டிங் ஏப்ரனைப் போட்டுவிடச் சொல்லுங்கள், யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டையில் மாதுளைக் கறை பட்டால் லேசில் போகாது.